தாங்கியின் இடது பக்கம்

வாப்பாவின் உள்ளங்கை பெற்றோல் தாங்கியின் இடது பக்கத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. மூடியடியிலிருந்து கீழே இறங்கியது. இருக்கை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. வெயிலில் சூடேறிய தகடு. ஆனாலும் அவர் கையை எடுக்கவில்லை.

வீட்டு வாசலில் நாங்கள் மூன்று பேரும் அவரைச் சுற்றி நின்றோம். நான், ரஞ்சன் அண்ணை, வாப்பாவின் மகன் நசீர். ஒரு வருடத்துக்கு மேலாக எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் விழுங்கிய மோட்டார் சைக்கிள் அது. கறுப்புப் பெயின்ற்றில் எங்கள் முகம் தெரிந்தது. தெருவால் போனவர்கள் சைக்கிளில் இருந்தபடியே ஒரு காலை ஊன்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வாப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கல். கையால்தான் பார்ப்பார். பார்த்து முடித்தபின் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

"நல்ல வண்டி," என்றார். "ஆனா இது என்ரை இல்லை."

அவருடைய உடுப்புப் பை இன்னமும் வாடகை வானுக்குள் இருந்தது. புத்தளத்திலிருந்து வந்து இறங்கும்போதே, பையை இறக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

ரீச்சருக்கு கராஜில் என்ன வேலை?

இந்தப் பத்திரிகைத் தொடரில் கராஜைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து சந்தையில் என்னை மறித்துக் கேட்கிறார்கள். உண்மையில் நீங்கள்தானோ வேலை செய்கிறீர்கள், இல்லாவிட்டால் ஆம்பிளைகளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறீர்களோ என்று போன கிழமை ஒரு பெண்மணி கத்தரிக்காய் தெரிந்தெடுத்தபடியே கேட்டார். எங்கள் கராஜில் தேத்தண்ணி ஊற்றுவது நசீர். நான் ஊற்றினால் ஒருவரும் குடிப்பதில்லை.

நான் பௌதிகவியல் படிப்பிக்கிறவள். கரும்பலகையில் இயந்திரத்தின் ஆடுதண்டும் உருளையும் கீறிக் கீறியே தலை நரைத்துவிட்டது. ஒரு நாளாவது அதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. தொட்டபின் விட முடியவில்லை. வீட்டில் என் கணவர், உன்னைப் பிடித்த பேய்க்கு மண்ணெண்ணெய் மணக்குது என்று சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமைச் சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

கராஜ் நல்லூரில், ரஞ்சன் அண்ணையின் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அவருடைய தகப்பனாரின் கார் நின்ற தகரக் கொட்டகை அது. அண்ணையின் தொழில் பல் கட்டுவது. பொய்ப்பல்லுக்கு அரம் பிடித்த கை என்பதால் காபரேற்றரின் மயிரளவு துளையையும் நோகாமல் துப்புரவாக்குவார். கிடைக்காத றப்பர் துண்டுகளைப் பல் அச்செடுக்கும் மாவில் வார்ப்பெடுத்துச் செய்துவிடுவார். எங்கள் பழைய வண்டிகளில் கால் வைக்கிற றப்பர்கள் எல்லாம் யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லுக்கு உறவுமுறை.

தகரக் கூரையில் அந்தக் காலத்து ஷெல் துண்டுகள் போட்ட ஓட்டைகள் இருக்கின்றன. மழைக்கு ஒழுகும். மாற்றச் சொன்னால் அண்ணை கேட்கமாட்டார். மத்தியானம் திரும்பியதும் அந்த ஓட்டைகளால் வெயில் வட்டம் வட்டமாக நிலத்தில் விழும். அவை மெல்ல நகர்ந்து, கழற்றிப் போட்ட நட்டுகளின் மேல் ஏறி, சில்லைத் தாண்டி, மேசைக் காலுக்கு வரும்போது தேத்தண்ணி நேரம். மதிலுக்கு அந்தப் பக்கம் ரியூசன் கொட்டில். ஒலிவாங்கியில் இரசாயனவியல் மாஸ்ரர் அமிலத்தையும் காரத்தையும் சேர்த்துக்கொண்டிருப்பார். அந்தக் குரலையும் அரம் தேய்க்கிற சத்தத்தையும் கேட்டபடி இருந்தால், விழித்திருக்கிறேனா கனவு காண்கிறேனா என்று எனக்கே தெரியாது.

கராஜுக்கு ஒரேயொரு சட்டம் உண்டு. வண்டி ஓடத் தொடங்கும்வரை யாரும் படம் எடுக்கக்கூடாது. எடுத்தால் ஊராரின் கண்பட்டு நாவூறு வந்துவிடும். முன்னொரு முறை அண்ணை பாதியில் நின்ற ஒரு வண்டியின் படத்தைக் கனடாவில் இருக்கிற தங்கச்சிக்கு அனுப்பினார். சொந்தம் பந்தம் எல்லாம் ஆகா ஓகோ என்று எழுதியது. அந்தக் கிழமையே கியர்ப் பெட்டி வெடித்தது. உலோகக் களைப்பு என்று நான் விளக்கம் சொன்னேன். அண்ணை அதை ஒரு கதையாகவே எடுக்கவில்லை. பௌதிகவியல் படிப்பித்துக்கொண்டே நானும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டேன்.

வாசலில் நின்றால்

நசீர் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறான். எங்களுக்கு வேண்டிய சாமான்களை எங்கிருந்தாவது கொண்டுவந்து சேர்க்கிறவன் அவன்தான். தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனங்களை ஊரைவிட்டுப் போகச் சொன்னபோது அவன் சின்னப் பெடியன். புத்தளத்தில் வளர்ந்தான். சண்டை முடிந்த பிறகு திரும்பி வந்து, சோனகதெருவில் தங்கள் வளவைக் கண்டுபிடித்து, கூரையில்லாத வீட்டுக்குள் வளர்ந்து நின்ற வேப்பமரத்தைத் தறித்து, இரண்டு அறைக்கு ஓடு போட்டான். பிறகு வாப்பாவைக் கூப்பிட்டான்.

வாப்பா புத்தளத்தில் மகளோடு இருந்தார். வீட்டுக்கு ஓடு இல்லையே என்றார். ஓடு போட்டாயிற்று. கிணறு பாழாய்க் கிடக்குமே என்றார். கிணறு இறைத்து, உள்ளே கிடந்த கல்லும் மண்ணும் அள்ளியபின் தண்ணீரும் தெளிந்தது. கடைசியில் அவர் ஒரு நிபந்தனை வைத்தார். என்ரை மோட்டச்சைக்கிள் வாசலிலை நிண்டால் வாறன் என்றார்.

ஊரைவிட்டுப் போன அன்று அந்த வண்டியை வாசலில் நிறுத்திவிட்டுத்தான் அவர் நடந்தாராம். கனபேர் வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொண்டு போனார்கள். இன்னமும் வைத்திருக்கிறார்கள். அந்தப் பழைய இங்கிலாந்து வண்டிக்குத் திறப்பே கிடையாது. காலால் உதைத்தால் எழும்பும். ஆகையால் அவர் கொண்டுபோக ஒன்றும் இருக்கவில்லை.

இதை நசீர் எங்களுக்குப் பகிடியாகத்தான் சொல்லத் தொடங்கினான். மனுசன் வரமாட்டன் எண்டு சொல்லக் கூச்சப்பட்டு இப்பிடிச் சொல்லுது என்று சிரித்தான். தேத்தண்ணிக் கோப்பைகளை அடுக்கி வைத்தான். பிறகு சிரிக்கவில்லை.

"புத்தளத்திலையே மௌத்தாகிப் போனாரெண்டால், நான் இஞ்சை ஆருக்கு வீடு கட்டினனான், ரீச்சர்?"

ரஞ்சன் அண்ணை கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்தார். அது என்ன வண்டி, எந்தக் காலத்து வண்டி, தாங்கி என்ன வடிவம் என்று ஒவ்வொன்றாக விசாரிக்கத் தொடங்கினார். அப்படித்தான் இது ஆரம்பித்தது.

ஆட்டுக்கொட்டிலில் கிடந்தது

அதே இனத்து வண்டியொன்று பண்டத்தரிப்பில் ஒரு தோட்டக்காரரின் ஆட்டுக்கொட்டிலில் கிடப்பதாக நசீரின் கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். போனோம். வெங்காயம் காயப்போட்டிருந்த முற்றத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் கூட்டிப் போனார்கள்.

கொட்டில் சுவரோடு சாய்ந்து, ஆடுகள் உரசி உரசி, மண்நிறமாக நின்றது அது. இயந்திரம் இல்லை. பின் சில்லு இல்லை. இலக்கத் தகடு எப்போதோ போய்விட்டது. வண்டிச் சட்டத்தில் வெட்டியிருந்த இலக்கத்தைத் துருப்பிடித்த கறள் தின்றிருந்தது. இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் தன்னுடைய தகப்பன் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்ததாகவும், யாருடையது என்று தனக்குத் தெரியாது என்றும் தோட்டக்காரர் சொன்னார். கொண்டு போங்கோ, ஓடத் தொடங்கினால் ஒருக்கா இஞ்சாலை கொண்டந்து காட்டுங்கோ என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நான் தாங்கியின் மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். அடியில் இன்னமும் மண்ணெண்ணெய் மணம் இருந்தது.

அந்த மணத்தைப் பற்றி ஒரு பந்தி எழுதாமல் போக முடியாது. பெற்றோல் இல்லாத வருடங்களில் இந்தக் குடாநாடே மண்ணெண்ணெயில் ஓடியது. ஒரு சின்னப் போத்தலில் மருந்துபோல பெற்றோலை வைத்திருப்பார்கள். காபரேற்றரின் வாயில் நாலு சொட்டு விட்டு உதைத்து, வண்டி எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். வெள்ளைப் புகை தெருவை மூடும். என் மாமா என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போவார். தலைமயிர், சட்டை, கொப்பி எல்லாம் அந்த மணம். காலையில் பனிக்குள்ளே அந்தப் புகையும் சேர்ந்து கிடக்க, அதற்குள் வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் தோன்றி மறைவார்கள். கொடிய காலந்தான். ஆனாலும் அந்த மணம் எனக்குப் பிடிக்கும். சொன்னால் அடிக்க வருவார்கள் என்று இத்தனை நாளும் சொல்லவில்லை.

மரக்கட்டையும் மணல் பையும்

இயந்திரம் ஒரு வண்டியிலிருந்து வந்தது. சில்லுகள் இன்னொன்றிலிருந்து. சட்டமும் தாங்கியும் மட்டும் பண்டத்தரிப்பிலிருந்து வந்தவை. இது வாப்பாவின் வண்டிதானா என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்கவே இல்லை. அதே இனம், அதே நிறம் என்றால் போதும் என்று நினைத்தோம். கண் தெரியாத மனுசன்தானே என்று உள்ளுக்குள் ஒரு கள்ளத்தனமும் இருந்தது.

தாங்கி வேலை எனக்கு. இரண்டு பக்கமும் நெளிவுகள். கறளைச் சுரண்டி எடுத்தபின், வளைத்த இரும்புக் கம்பியைத் தாங்கியின் வாயால் உள்ளே விட்டு, வெளியே மணல் பையை அணைத்துப் பிடித்து, நெளிவை மெல்ல மெல்லத் தள்ளி எடுக்க வேண்டும். பிறகு மரக்கட்டையால் தட்ட வேண்டும். அவசரப்பட்டால் தகடு மற்றப் பக்கம் புடைத்துவிடும். சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பது. நெளிவு இருக்கிற இடம் மந்தமாகப் பேசும். நேரான இடம் கணீரென்று பேசும்.

அந்தக் கிழமைகளில் நசீர் கராஜுக்கு வரவில்லை. வாப்பாவுக்குக் காய்ச்சல் என்று புத்தளத்தில் நின்றான். தொலைபேசியில் அவன் குரலைக் கேட்டு எனக்கும் பயம் பிடித்துக்கொண்டது. கெதியாய் முடிக்க வேண்டும், வடிவாய் முடிக்க வேண்டும் என்று தட்டிக்கொண்டே இருந்தேன். மதிலுக்கு அங்கால் மாஸ்ரர் உப்பும் நீரும் விளையும் என்றார். வெயில் வட்டங்கள் என் கையின் மேல் ஏறி இறங்கின. கடைசியில் தாங்கி முழுக்கக் கணீரென்று பேசியது. வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் அதைப்போல ஒன்றுமில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை.

வாப்பா தேறினார். வண்டியும் ஓடியது. முதலோட்டத்துக்கு வழக்கம்போலக் காங்கேசன்துறைக்குப் போனோம். கூரையில்லாத வீடுகளும் புதுச் சுவர்களும் மாறி மாறிப் போக, கடல் காற்று தொடங்குகிற இடத்தில் அண்ணை வேகத்தைக் கூட்டினார். இன்னொரு வண்டியில் பின்னால் வந்த எனக்கு அந்தச் சத்தம் காற்றில் துண்டு துண்டாகத்தான் கேட்டது. துறைமுகத்தடியில் நிறுத்தி, அன்றுதான் படம் எடுத்தோம். அள்ளி அள்ளி எடுத்தோம்.

பிறகு நசீர், வாசலில் வண்டி நிற்கிறது என்று வாப்பாவுக்குச் சொன்னான். வந்து பாக்கிறன் என்றாராம். பாக்கிறன் என்றுதான் சொன்னார். இருக்கிறன் என்று சொல்லவில்லை.

கிணற்றடிக் கல்

இனி, தொடங்கிய இடத்துக்கு வருகிறேன்.

இது தன்னுடையது இல்லை என்று வாப்பா சொன்னதும் நசீர் தலையைக் குனிந்துகொண்டான். என்னால் பேசாமல் நிற்க முடியவில்லை. ஏன் வாப்பா என்று கேட்டேன்.

இடது பக்கம், முழங்கால் படுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, தன்னுடைய வண்டியில் ஒரு நெளிவு இருந்தது என்றார். உள்ளங்கை வைத்தால் அளவாகக் கொள்ளும். பள்ளிக்கூட வாசலில் மகனுக்காகக் காத்து நிற்கும்போது கை தானாக அதற்குள் போய்விடுமாம். முப்பது வருடத்துக்கு மேல் வெளியூரில் இருந்தும் அவருடைய தமிழ் எங்களுடையதைவிட யாழ்ப்பாணமாக இருந்தது.

நான் ஒரு அடி முன்னுக்கு வந்தேன். "அதிலை நெளிவு இருந்தது, வாப்பா. நான்தான் தட்டி எடுத்தனான்."

"எந்த இடத்திலை?"

நான் இடத்தைத் தட்டிக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. என் கையைத் தேடிப் பிடித்து ஒருமுறை தட்டினார்.

"நான் சொன்னதைக் கேட்டிட்டுச் சொல்லுறாய், பிள்ளை."

இடது பக்கத்திலும் நெளிவுகள் இருந்தன. அதில் ஒன்று உள்ளங்கை அளவா, அந்த இடத்திலா என்று சத்தியம் பண்ண என்னால் முடியவில்லை. அண்ணையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டுவதற்கு முன் ஒரேயொரு படம் எடுத்திருந்தால் போதும். நாவூறு படாமல் வண்டியைக் காப்பாற்றி, அது யாருடையது என்பதை நாங்களே அழித்துவிட்டோம்.

தெருப் பிள்ளைகள் கூடத் தொடங்கியதால் அண்ணை வண்டியை முற்றத்துக்குள் உருட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். வாசல் வெறுமையானது. வாப்பாவை நசீர் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தான். வான் சாரதி எத்தனை மணிக்குத் திரும்புவது என்று மெல்லக் கேட்டான். நசீர் அவனுக்கும் ஒரு கோப்பை நீட்டினான். தொழுகைக்கு அழைக்கிற சத்தம் கேட்டது. வாப்பா கோப்பையைக் கையில் வைத்தபடி கிணற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்.

"உடுப்புத் தோய்க்கிற கல்லு இன்னும் கிடக்கோ?" என்று கேட்டார்.

கிடக்குது என்றான் நசீர். கிணறு இறைக்கும்போது அந்தக் கல்லைப் புரட்டக்கூட முடியவில்லை என்றான்.

அப்போதுதான் வாப்பா அந்தக் கதையைச் சொன்னார். நசீருக்கு அது ஞாபகமே இல்லை. அப்போது அவனுக்கு அஞ்சு வயது. கிணற்றடியில் கழுவ நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி, ஓட்டுகிறமாதிரி ஆட்டி ஆட்டி, அப்படியே கல்லின் மேல் விழுத்தினானாம். பெடியனுக்கு ஒரு கீறல் இல்லை. தாங்கி நெளிந்துபோயிற்று. தட்டி எடுக்க வேண்டாமென்று அவனுடைய உம்மா மறித்தாராம். பிள்ளைக்கு வரவேண்டியதைத் தாங்கி வாங்கிக்கொண்டது, அது அப்படியே இருக்கட்டும் என்றாராம். உம்மா புத்தளத்தில் அடங்கிவிட்டார்.

சொல்லி முடித்துவிட்டு வாப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"அண்டைக்குச் செய்தது நீ. இண்டைக்கும் நீயே செய்."

எங்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. முதலில் விளங்கியது ரஞ்சன் அண்ணைக்கு. நட்டுக் கழற்றுகிற சாவியை எடுத்து, பெற்றோலை வடித்து, தாங்கியைக் கழற்றி நசீரிடம் கொடுத்தார். எத்தனை நாள் தேய்த்த பெயின்ற் என்று கணக்குப் பார்த்தேன். அதே நேரம், செய்யடா செய்யடா என்று மனசு அடித்துக்கொண்டது.

நசீர் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனான். இடது பக்கத்தைக் கல்லின் விளிம்பில் ஒருமுறை மோதினான். பெயின்ற் மட்டும் கொஞ்சம் உரிந்தது.

"அஞ்சு வயசிலை இதைவிடப் பலமாச் செய்தனி," என்றார் வாப்பா.

நசீர் எங்களைப் பார்த்தான். அவன் கண் நிறைந்திருந்தது. இரண்டாம் முறை ஓங்கி மோதினான். மந்தமான ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை எனக்கு நல்லாய்த் தெரியும். மாதக் கணக்கில் அதைத்தான் தாங்கிக்குள்ளிருந்து விரட்டிக்கொண்டிருந்தேன்.

தாங்கியை வாப்பாவின் மடியில் வைத்தோம். அவருடைய கை மூடியடியிலிருந்து இறங்கியது. தேடியது. நெளிவுக்குள் போய் நின்றது. விரல்களை ஒருமுறை விரித்து மடக்கினார்.

"கொஞ்சம் பெரிசு," என்றார். பிறகு, "இருக்கட்டும். அவனும் வளந்திட்டான்தானே," என்றார்.

அண்ணை தாங்கியைத் திரும்பப் பூட்டினார். பெற்றோலை ஊற்றி நானே உதைத்தேன். ஒரே உதையில் எழும்பியது. வாப்பா கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டார். இடது கை மட்டும் நெளிவுக்குள்ளேயே இருந்தது. பிறகு தானே கையை எடுத்தார்.

"கொண்டுபோய் வாசலிலை விடுங்கோ."

அண்ணையும் நானும் வண்டியை வாசலுக்கு உருட்டிக்கொண்டு போனோம். எங்களுக்கு முன்னால் நடந்துபோன நசீர் வானின் கதவைத் திறந்து பையை இறக்கினான்.